ஐந்தாவது லேனின் நேரம்

நீச்சல் போட்டியில் நேரம் எடுக்க நான் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு ஒரு தப்பு செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ரொட்டி சானாய் போடுகிறவன். மலாய் நாட்டுப் பரோட்டாதான் அது. ஏழாவது வரை படித்தேன். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் ஒன்பது வருடம் ரொட்டி போட்டேன். பிறகு கிள்ளான் பெண்ணைக் கட்டினேன். அதற்காக ஊருக்குத் திரும்பிப் போய், மறுபடி மனைவி வழி விசாவில் வரவேண்டியிருந்தது. இப்போது கிள்ளானில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கல் முன்னால் நிற்கிறேன். ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். அவளுக்கு இது ஊர். எனக்கு இன்னும் வெளிநாடுதான்.

எனக்கு நீச்சல் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. மகள் நீந்துகிறாள். மூன்றாம் வகுப்பில் பள்ளியிலிருந்து வாரம் ஒரு நாள் குளத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு வருடத்தில் பள்ளி அணியில் சேர்த்துவிட்டார்கள். "இது யாருகிட்டேருந்து வந்துச்சு?" என்று மனைவி கேட்பாள். என் பக்கம் திரும்பாமல் கேட்பாள்.

போட்டிகள் சனிக்கிழமைகளில் நடக்கும். சனிக்கிழமை எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. அதனால் மனைவிதான் போவாள். நான் அதற்கு முன் போனது மூன்று தடவை. மூன்று தடவையும் மேல் படியில், கடைசியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோல இருப்பார்கள். தொப்பி போட்ட தலை நீரில் தெரியும், மறையும். லேன் நம்பரை எண்ணித்தான் என்னுடையது எது என்று கண்டுபிடிப்பேன். கண்டுபிடிப்பதற்குள் முடிந்துவிடும்.

நாற்பது வினாடி நீந்துவதற்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுதான் நீச்சல் போட்டி. பழகிய பெற்றோர்கள் மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பாட்டரி காற்றாடி எல்லாம் கொண்டுவந்து குடித்தனம் நடத்துவார்கள். பிள்ளையின் கையில் மார்க்கர் பேனாவால் எத்தனையாவது போட்டி, எத்தனையாவது சுற்று, எந்த லேன் என்று எழுதிவிடுவார்கள். மறந்துபோகாமல் இருக்க. நான் ஒரு பையில் துண்டும் தண்ணீரும் எடுத்துப் போவேன். அவ்வளவுதான்.

அந்த சனிக்கிழமை மனைவிக்கு டியூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் கடையில் லீவு கேட்டேன். முதலாளி முகத்தைச் சுளித்துவிட்டுக் கொடுத்தார்.

மகள் ஆறாம் வகுப்பு. அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் இடைநிலைப் பள்ளிக்குப் போனால் பெரிய பெண்களோடு நீந்த வேண்டும். ஐம்பது மீட்டர். காலையில் மூன்று தகுதிச் சுற்று. மூன்றிலும் சேர்த்து நேரம் பார்த்து, எட்டுப் பேரை மத்தியான இறுதிச் சுற்றுக்கு எடுப்பார்கள். போன வருடம் அவள் பத்தாவது. இந்த வருடம் ஆறு மாதமாக ஒரே பேச்சு.

"எட்டுல வரணும் பா. ஜெயிக்கல்லாம் வேணாம். எட்டுல வந்தா போதும்."

பைக்கில் போகும்போதும் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதையேதான் சொன்னாள்.

குளத்துக்குள் போனதும் அவள் பள்ளி விளையாட்டு டீச்சர் ஓடிவந்தார். தமிழ் டீச்சர். வயது முப்பது இருக்கும்.

"அண்ணே, ஒரு ஹெல்ப். ஒவ்வொரு பள்ளியும் டைம் எடுக்க ஒரு பேரண்ட்ட குடுக்கணும். நம்ம பள்ளியில வரேன்னவங்க வரல."

"டீச்சர், நான் படிக்காதவன்."

"நம்பர் தெரியுமா?"

"தெரியும்."

"கட்டவிரல் இருக்கா?"

"இருக்கு."

"அவ்வளவுதான் லா வேலை."

மகள் சிரித்தாள். என்னால் மறுக்க முடியவில்லை.

ஒரு ஸ்டாப் வாட்சைக் கழுத்தில் மாட்டினார்கள். எட்டு லேனுக்கும் முனையில் நாற்காலி. எனக்கு ஐந்தாவது லேன். ஹாரன் அடித்ததும் அமுக்க வேண்டும். பிள்ளையின் கை சுவரைத் தொட்டதும் மறுபடி அமுக்க வேண்டும். நேரத்தைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு லேனுக்கு இரண்டு பேர் இருக்க வேண்டுமாம். ஆள் போதாததால் ஒருவர்தான்.

"என் மக நீந்தும்போது?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"அவ நாலாவது லேன். சொந்தப் பிள்ளைக்கு யாரும் டைம் எடுக்கக் கூடாது. அது ரூல். நீங்க அஞ்சு, பிரச்சனை இல்ல."

பிரச்சனை அங்கேதான் இருந்தது. அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நாலாவது லேனில் எனக்குப் பக்கத்தில் ஒரு மலாய் ஆசிரியர். பெரிய உடம்பு. நாற்காலி அவருக்குப் போதவில்லை. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் என் சீட்டை எட்டிப் பார்த்து, "போலே" என்று தலையாட்டுவார். பரவாயில்லை, தேறிவிட்டாய் என்பதுபோல. பத்துப் பன்னிரண்டு போட்டி ஒழுங்காகப் போனது. வாட்ச் கழுத்தில் தொங்கியது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கல் முன்னால் நின்றால் யாரும் என் கையெழுத்தைக் கேட்பதில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்தால் எல்லாரையும் நீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள். பிறகு எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவசரப்படுத்தினார்கள். ஒரு சுற்று கரையேறுவதற்குள் அடுத்த சுற்றுக்கு விசில்.

மகளின் சுற்று வந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஐந்தாவது லேனில் வேறு பள்ளிப் பெண் நின்றாள். அவளும் தமிழ்ப் பிள்ளைதான். ஒல்லி. நீலத் தொப்பி. அவளைத்தான் பார்த்தேன். ஹாரன் அடித்தது. அமுக்கினேன். நீலத் தொப்பி மேலேயே கண்ணை வைத்திருந்தேன்.

பாதி தூரத்துக்கு மேல் இரண்டு தலைகள் சேர்ந்து வந்தன. நாலும் ஐந்தும். நெருங்க நெருங்க நீர் தெறித்தது. ஒரு கை நீண்டு சுவரைத் தொட்டது.

அதற்கப்புறம் இன்னொரு கை வந்து, சரியாக என் காலுக்குக் கீழே தொட்டது. நீலத் தொப்பி மேலே வந்து மூச்சு வாங்கியது.

வாட்சைப் பார்த்தேன். அது ஏற்கெனவே நின்றிருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்லில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ரொட்டி கிடக்கும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்க்கவும் தேவையில்லை. எது முந்தி வேகிறதோ அதற்குக் கை தானாகப் போகும். யோசித்தால் கருகிவிடும். இருபது வருடமாக என் கை அப்படித்தான் இருக்கிறது. முந்தி வந்தது என் மகளின் கை. கட்டைவிரல் அதற்கு அமுக்கிவிட்டது.

38.42. அது என் மகளின் நேரம். நீலத் தொப்பியின் நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

சீட்டு வாங்க ஒரு ஆசிரியை வந்து நின்றார். அடுத்த விசில் ஊதியாயிற்று. "சீக்கிரம், சீக்கிரம்" என்றார் மலாயில். 38.42 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கொடுத்தேன். அடுத்த சுற்றுக்கு ஹாரன் அடித்தது. அமுக்கினேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிறகு பல பேர் கேட்டார்கள். அவசரம் என்று சொன்னேன். அது பாதிதான். பெர்மிட்டில் இருந்த ஒன்பது வருடத்தில் ஒன்று பழகிவிட்டது. அதிகாரி கூப்பிட்டால் போ. கூப்பிடாமல் போகாதே. கேட்டால் பதில் சொல். கேட்காததைச் சொல்லாதே. விசா மாறிவிட்டது. அது மாறவில்லை. ஒரு நொடி வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றும் நினைத்தேன்.

அரைமணி நேரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். பிள்ளைகள் ஈரத்தோடு ஓடிப்போய்ச் சுவரில் மோதிக்கொண்டு பார்த்தார்கள். நானும் இடைவேளையில் எழுந்து போனேன்.

எட்டாவது பெயர் நீலத் தொப்பி. 38.42. ஒன்பதாவது என் மகள். 38.51. மலாய் ஆசிரியரின் விரல் என் விரலைவிட ஒரு துளி மெதுவாக இருந்திருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. எல்லாச் சுற்றிலும் அவர் அப்படித்தான் அமுக்கியிருப்பார்.

மகள் படியில் போய் உட்கார்ந்தாள். துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவ எனக்குப் பின்னாலதான் வந்தா பா."

நான் வாட்சைக் கையால் மூடிக்கொண்டேன்.

"மூச்சு எடுக்கும்போது பாத்தேன். அவ என் தோளுகிட்ட இருந்தா. எனக்குத் தெரியும்."

"ம்."

"யாரு பா அவ டைம் எடுத்தது?"

துண்டுக்குள்ளிருந்து கேட்டாள். முகம் தெரியவில்லை. கேட்டபிறகு அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும். துண்டை விலக்கி என்னைப் பார்த்தாள். மறுபடி துண்டைப் போட்டுக்கொண்டாள்.

நான் வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"போய்ச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும்ல."

"யாரு நம்புவா? மக ஒம்பதாவது. அப்பா போய் எட்டாவது புள்ளயோட டைம் தப்புன்னு சொல்றாரு. அதுவும் இவரே எழுதிக் கையெழுத்துப் போட்டது. கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க."

"சிரிச்சா பரவால்ல. ஊர்லேருந்து வந்தவன் புத்தியக் காட்டிட்டான்னு சொல்லுவாங்க. எங்க ஆளுங்கள எனக்குத் தெரியும்."

"சொல்லாம இருந்தா?"

"சொல்லாம இருந்தா நம்ம புள்ள இடம் போச்சு." பெருமூச்சு விட்டாள். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"கை போயிடுச்சு."

"நல்ல கை. இருங்க, உள்ள ஒரு தாத்தா கூப்புடறாரு." பிறகு போனை வைக்கும் முன், "போங்க. போய்ச் சொல்லுங்க. திட்டுனா வாங்கிக்குங்க" என்றாள்.

அவள் சொன்னது முழுக்கச் சரி. மகள் ஏழாவதோ எட்டாவதோ வந்திருந்தால் சொல்வது சுலபம். நல்ல மனிதன் என்பார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்கு லாபம். அதனால் அது பொய் மாதிரித் தெரியும். சொல்லாவிட்டால் மகள் ஆறு மாதம் நீந்தியது என் விரலில் போய்விடும்.

பட்டியலில் புகார் இருந்தால் அரைமணிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் மிச்சம்.

நடுவர் மேசைக்குப் போனேன். தலைமை நடுவர் ஒரு மலாய் அம்மா. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"புவான், சாயா சாலா" என்றேன். அம்மா, தப்பு என்னுடையது.

நிமிர்ந்தார். சொன்னேன். என் மலாய் கடை மலாய். ரொட்டி எத்தனை, குழம்பு என்ன என்று கேட்கத்தான் பழகியது. ஆனாலும் புரிந்துகொண்டார்.

"எந்த லேன்?"

"ஐந்து."

"உங்கள் பிள்ளை எந்த லேன்?"

"நாலு."

பட்டியலை எடுத்துப் பார்த்தார். விரல் எட்டாவது பெயரில் நின்றது. ஒன்பதாவதுக்கு இறங்கியது. பக்கத்தில் இருந்த ஒருவர் 'ஓ' என்று இழுத்தார். இன்னொருவர் சிரித்தார். எதிர்பார்த்ததுதான்.

நீலத் தொப்பியின் அம்மாவுக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டார். கிள்ளான்காரர்தான். கையில் பிளாஸ்டிக் டப்பா, அதில் வெட்டிய பழம்.

"அண்ணே, நீங்கதானே டைம் எடுத்தீங்க?"

"ஆமாக்கா."

"நீங்கதானே எழுதுனீங்க?"

"ஆமா."

"கையெழுத்து?"

"நான்தான்."

"எல்லாம் நீங்களே பண்ணிட்டு, லிஸ்ட்டப் பாத்தப்புறம் தப்புன்னா எப்படி? லிஸ்ட்டுல உங்க புள்ள எட்டாவதா இருந்திருந்தா வந்து சொல்லியிருப்பீங்களா?"

யோசித்தேன். "தெரியலக்கா" என்றேன்.

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. டப்பாவை மூடினார். பிறகு, "உங்க ஊர்ல இப்படித்தானா?" என்றார்.

கோபம் வரவில்லை. அவர் பிள்ளைக்காகப் பேசுகிறார். நான் அவர் இடத்தில் இருந்தால் பேசியிருக்க மாட்டேன், ஆனால் நினைத்திருப்பேன். என் மகளுக்கு அந்த இடம் வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் சண்டை அங்கேயே முடிந்துவிடும். சொல்லவில்லை. அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல அது என்னுடையது இல்லை.

அந்த அம்மாவுக்குப் பின்னால் நீலத் தொப்பி நின்றாள். தொப்பியைக் கழற்றியிருந்தாள். கப்பில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த அக்காதான் முதல்ல தொட்டாங்க" என்றாள்.

"நீ சும்மா இரு."

"நிஜமா மா. நான் தொடும்போது அவங்க கால் கீழ வந்துருச்சு."

"சாப்புடும்போது பேசாத!"

மேசையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. 'ஓ' என்று இழுத்தவர் இந்தத் தடவை இழுக்கவில்லை.

தலைமை நடுவர் என்னைப் பார்த்தார். "எப்படி நடந்தது? லேனைப் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன் புவான். கண் ஐந்தில்தான் இருந்தது. கை போய்விட்டது. நான் ரொட்டி சானாய் போடுகிறவன்." கையைத் தட்டையாக விரித்துக் காட்டினேன். "கல்லில் எது முந்தி வேகிறதோ, கை அங்கே போகும்."

அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சூட்டுத் தழும்புகள் இருக்கும். பிறகு பொட்டலத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"நாலாவது லேன் நேரம் சரி. அது அப்படியே இருக்கும்" என்றார். "ஐந்தாவது லேன் நேரம் செல்லாது. அந்தப் பெண் மறுபடி நீந்தட்டும். தனியாக. 38.51-க்குள் வந்தால் அவள். வராவிட்டால் ஒன்பதாவது பெண்."

நீலத் தொப்பியின் அம்மா இரண்டு கையையும் தூக்கினார். "மறுபடியுமா? இப்பத்தான் சாப்புட்டா!"

"ஒரு மணி நேரம் கழித்து" என்றார் நடுவர். "மூன்று வாட்ச்." என் பக்கம் திரும்பி, "நீங்கள் இல்லை" என்றார்.

வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அந்த ஒரு மணி நேரம் நீளமாக இருந்தது. வானம் இன்னும் இருட்டியது, ஆனால் இடிக்கவில்லை. மகளிடம் சொன்னேன். அவள் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அவ மட்டும் நீந்தணுமா?"

"ஆமா."

"பாவம் பா."

"ம்."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒன்னும் பண்ண வேணாம். உன் டைம் உன்னுது."

எனக்கு உள்ளே நன்றாக இல்லை. ஒரு பெண் பிள்ளை என்னால் மறுபடி நீரில் இறங்க வேண்டும். களைத்துப்போய் அவள் 39-இல் வந்தால் என் மகளுக்கு இடம். ஆனால் அந்த அம்மா காலத்துக்கும் சொல்வார். மகளும் இறுதிச் சுற்றில் அந்த எண்ணத்தோடு நிற்பாள். அவள் நன்றாக நீந்தினால் என் மகளுக்கு இடம் இல்லை. எது நடக்க வேண்டும் என்று நினைப்பது? நான் எதையும் நினைக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போய்க் குடித்தேன்.

அவளைக் கூப்பிட்டார்கள். குளத்தில் வேறு யாரும் இல்லை. மற்ற ஏழு லேனும் காலி. நடுவில் ஒரே பிள்ளை. மடக்கு நாற்காலிக்காரர்கள் எல்லாரும் எழுந்து கம்பி ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். முனையில் மூன்று பேர் வாட்சோடு நின்றார்கள். தலைமை நடுவர் ஒருவர், நாலாவது லேன் மலாய் ஆசிரியர் ஒருவர், இன்னொருவர் ஒரு சீன அம்மா. நான் சுவரோரமாக நின்றேன். இரண்டு கையையும் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஹாரன் அடித்தது. என் கட்டைவிரல் கக்கத்துக்குள் அசைந்தது.

தனியாக நீந்துவது கஷ்டம் என்று மகள் பிறகு சொன்னாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் வேகம் தெரியாதாம். பாதி தூரத்தில் அந்தப் பிள்ளை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. குளம் முழுக்க அமைதி. அப்போது என் பக்கத்தில் ஒரு சத்தம்.

"போ! போ! கால அடி! கால அடி!"

என் மகள்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எட்டுல வரணும் என்று ஆறு மாதம் சொன்னவள். கூடவே மற்ற பிள்ளைகளும் கத்த ஆரம்பித்தார்கள். எந்தப் பள்ளி என்று பார்க்காமல் கத்தினார்கள். அந்த அம்மாவும் டப்பாவை ஆட்டிக்கொண்டு ஓரத்தில் ஓடினார். நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது.

கை சுவரைத் தொட்டது.

மூன்று பேரும் வாட்சைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் காட்டினார்கள். தலைமை நடுவர் சீட்டில் எழுதினார். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 38.20. மூன்று வாட்சும் கிட்டத்தட்ட அதேதான்.

பட்டியல் மாறவில்லை. எட்டாவது நீலத் தொப்பி. ஒன்பதாவது என் மகள். காலையில் ஒட்டிய தாள் அப்படியே சுவரில் இருந்தது. நேரத்தை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தினார்கள்.

எனக்கு மூச்சு வந்தது. இருபத்தைந்து கிலோ மாவு மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. மகளுக்கு இடம் இல்லை. அது வருத்தம்தான். ஆனால் அந்த இடத்தை என் விரல் எடுக்கவில்லை. ஒரு பிள்ளை நீந்தி எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றில்லை. என்னால் அன்று எல்லார் முகத்தையும் பார்க்க முடிந்தது.

நீலத் தொப்பியின் அம்மா என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணே, எந்தக் கடையில போடுறீங்க?"

கடையைச் சொன்னேன்.

"ஸ்டேஷன் பக்கமா? அங்க நாங்க சாப்புட்டிருக்கோமே! போன மாசம் ஒரு ரொட்டி கருகியிருந்துச்சு."

"அது நான் இல்லக்கா. நான் லீவுல இருந்திருப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். டப்பாவைத் திறந்து பப்பாளி ஒரு துண்டு நீட்டினார். "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"இல்லக்கா." வாங்கித் தின்றேன். பழம் நல்ல இனிப்பு.

மலாய் ஆசிரியர் மேசையிலிருந்து வாட்சை எடுத்துவந்து என் கழுத்தில் மாட்டினார். நான் தலைமை நடுவரைப் பார்த்தேன். அவர் மூடி வைத்த பொட்டலத்தை ஒருவழியாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஆட்டினார். போய் உட்கார் என்று. "ஆள் இல்லை, பாஸ்" என்றார் ஆசிரியர். "உங்கள் பிள்ளை நீரில் இல்லையே. இனி பயம் இல்லை." அதுவும் சரிதான். இறுதிச் சுற்றில் எட்டாவது லேன் கொடுத்தார்கள். அதில்தான் நீலத் தொப்பி நீந்தினாள். ஏழாவதாக வந்தாள். அவள் கை தொட்டபிறகுதான் அமுக்கினேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். மழை தூற ஆரம்பித்தது. பைக்கை எடுக்க முடியவில்லை. வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். மகள் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் இருப்பது என் குணம். எவ்வளவு நேரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம்தான்."

"ம்."

"உங்க லேன நீங்க பாக்க வேண்டியதுதானே. நான் வர்றத எதுக்குப் பாத்தீங்க?"

"பாக்கல. கண்ணு அங்கதான் இருந்துச்சு. தெரிஞ்சுடுச்சு."

அவள் காலால் தண்ணீரைத் தள்ளினாள். மழை கொஞ்சம் வலுத்தது.

"அவ நல்லா நீந்தினா பா. ரெண்டாவது தடவ. என்னால அப்படி வந்திருக்க முடியாது."

"ம்."

கடைசியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"நான் வந்து தொட்டது. நீங்க எப்பவும் மேல உக்காந்துட்டுத் தெரியலம்பீங்க. இன்னிக்குப் பக்கத்துல இருந்தீங்கல்ல."

நான் யோசித்தேன். ஒரு கை. விரல் எல்லாம் சேர்ந்து, நேராக நீண்டு, தயங்காமல் வந்தது. அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நல்லா நீட்டி வந்தே" என்றேன். "யாரு பாத்தாலும் அமுக்கத்தான் செய்வான்."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.